கேள்வி கேட்டால் சுருண்ட எறும்புத்தின்னி

“காலையில் கத்தல், மாலையில் கத்தல்! இந்த மரத்தடியில் ஒரு ஜீவன் நிம்மதியாகப் படிக்க முடிகிறதா?”

ஒரு காட்டில் எறும்புத்தின்னி ஒன்று, மேல்கிளையில் இருந்த தவிட்டுக்குருவியிடம் இப்படித்தான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

“நான் எங்கே கத்தினேன், அக்கா? என்ன படிக்கிறீர்கள், எதற்குப் படிக்கிறீர்கள் என்றுதானே கேட்டேன்?”

“அதைத்தான் கேட்காதே என்கிறேன்!”

எறும்புத்தின்னிக்கு அதன் கவலை. கறையான் புற்றைப் பற்றி அதற்குத் தெரியாதது கிடையாது; புற்று புற்றாகத் தின்று கற்ற படிப்பாயிற்றே! ஆனால் முனைவர் பட்டம் வேண்டுமென்றால், யானையும் கரடியும் ஆந்தையும் கேட்கும் கேள்விகளுக்குச் சபையில் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். போன முறை முதல் கேள்விக்கே பயந்து பந்தாகச் சுருண்டுவிட்டது. கரடி உருட்டி உருட்டிப் பார்த்தும் உள்ளேயிருந்து ஒரு சொல் வரவில்லை. இந்த முறையும் சுருண்டால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று யானை கறாராகச் சொல்லிவிட்டது.

எறும்புத்தின்னி ஒரு குகைக்குக் குடிபோனது. தரையைப் பெருக்கியது, காய்ந்த இலையைப் பரப்பியது, சரியில்லை என்று அள்ளி மறுபடி பரப்பியது. வாசலில் முயலைக் காவல் வைத்தது.

“யாராவது மூச்சு விட்டால்கூட விரட்டு!”

“சரி அக்கா” என்று முயல் மூச்சை அடக்கிக்கொண்டது.

உள்ளே பாடம் தண்ணீர்பட்ட பாடாக ஓடியது. எறும்புத்தின்னிக்கு ஒரே பூரிப்பு.

அப்போது தவிட்டுக்குருவி வாசலில் தலையை நீட்டியது. “அக்கா, மழையில் புற்று ஏன் கரைவதில்லை?”

சுருட்! எறும்புத்தின்னி பந்தாகிவிட்டது.

“நல்ல கூத்து! கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறவர், கேள்வியே வராத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்களே!” என்றது குருவி.

“உஸ்ஸ்!” என்றது முயல்.

பந்து மெல்ல அசைந்தது. பிறகு ஒரு மூக்கு வெளியே வந்தது. “அது... கறையான் எச்சிலில் மண்ணைக் குழைத்துக் கட்டுகிறது. அதனால்தான் இறுகிவிடுகிறது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? உன் கூட்டத்தையும் கூப்பிடு. நான் மரத்தடிக்கே வருகிறேன்.”

குருவிகள் கேட்டன பாருங்கள், காது புளிக்கும் வரை! எறும்புத்தின்னி முதலில் ஒவ்வொரு கேள்விக்கும் சுருண்டது. பிறகு பாதி சுருண்டது. போகப் போக, வால் நுனி மட்டும் மடங்கியது.

தேர்வு நாள் வந்தது.

“வெயில் காலத்தில் புற்றுக்குள் எப்படிக் குளிர்ச்சி?” என்று யானை பிளிறியது.

எறும்புத்தின்னியின் முதுகு வளைந்தது. மூக்கு வயிற்றை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. மெல்ல நிமிர்ந்தது.

“சூடான காற்று வெளியேற வழி விட்டுத்தான் கறையான் கட்டுகிறது, ஐயா.”

கரடி கேட்டது, பதில் வந்தது. ஆந்தை கேட்டது, அதற்கும் வந்தது. கேட்கக் கேட்க எறும்புத்தின்னிக்கு உற்சாகம் ஏறியது. கேட்கக் கேள்வி தீர்ந்துபோய், “பட்டம் உனக்குத்தான்” என்று மூவரும் ஓய்ந்து எழுந்தார்கள்.

“இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்களேன்!” என்றது எறும்புத்தின்னி.

யானை கரடியைப் பார்த்தது. கரடி ஆந்தையைப் பார்த்தது. ஆந்தை கண்ணை மூடிக்கொண்டது.

நீதி: பதில் சொல்லப் பழக அமைதியான இடம் போதாது, கேள்வி கேட்க ஆள் வேண்டும்.