பூட்டியதும் பூட்டாததும்

"இது எந்த எடத்து போல்ட்டுன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். வேற ஒண்ணும் வேணாம்."

மருதை மேசையில் வைத்தது ஐந்து நூல் தடிமன் போல்ட். இரண்டரை அங்குல நீளம். மேலே ஒரு நட்டு.

குணவதி டீச்சர் அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு மருதையைப் பார்த்தார்.

டீச்சர் என்பது பழைய வேலை தந்த பெயர். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்குப் பதினெட்டு ஆண்டுகள் பாடம் எடுத்தவர். அதை விட்டுவிட்டு வந்து துறையூர் சாலையில் பட்டறை போட்டார். மருதையைவிடப் பதின்மூன்று வயது இளையவர். மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவர்கள் போகிற போக்கில் அவரிடம் வேறு எதையாவது கேட்பதும், பதில் கிடைக்காமலே கொஞ்சம் லேசாகத் திரும்பிப் போவதும் உண்டு என்று அந்தப் பக்கத்தில் பேச்சு. அதைக் கேட்டுத்தான் மருதை இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

இதுவரை யாரிடமெல்லாம் காட்டினார் என்று டீச்சர் விசாரித்தார்.

மருதை ஒவ்வொருவராகச் சொன்னார். கரூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் இது லாரி சேசிஸில் வருவது என்றார். நாமக்கல்லில் ஒருவர் டிராக்டர் என்றார். விஷயம் தெரிந்த இரண்டு பேர், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, அது உபரிதான் என்றார்கள். அவர்கள் முகத்தில் இருந்த இரக்கத்தைப் பார்த்து அந்தப் பேச்சை மருதை நம்பவில்லை. திருச்சியில் ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

"போல்ட்டுக்கு ஜாதகம் கணிக்கச் சொல்றியாய்யா? அஞ்சு நூல், ரெண்டரை இஞ்சு. அதுக்கு மேல அதுக்கு என்ன ஊரு, என்ன பேரு?"

"என்ன நடந்துச்சு?" என்றார் டீச்சர்.

மருதை சொன்னார்.

திருவிழாக்களுக்குப் போகும் ராட்டினத்தில் அவர் ஃபிட்டர். பன்னிரண்டு பெட்டி ராட்டினம். ஒரு ஊரில் கழற்றி இரண்டு லாரியில் ஏற்றி அடுத்த ஊரில் பூட்ட வேண்டும். பெட்டியைத் தாங்கும் ஒவ்வொரு கைக்கும் உரிய போல்ட்டுகள் தனித்தனிச் சாக்கில் போகும். உபரி போல்ட்டுகளுக்கு ஒரு சிவப்புத் துணிப்பை. அவை ஒருமுறைகூடப் பூட்டப்படாதவை. எல்லாவற்றையும் கழிவு எண்ணெயில் ஊறப்போட்டு வைப்பதால் பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்பு.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. டிக்கெட் கொடுப்பதற்கு முன், பூட்டிய ஃபிட்டரின் வீட்டு ஆள் ஒருவர் ஏறி உட்கார்ந்து மூன்று சுற்றுச் சுற்றி வர வேண்டும். முதலாளிக்கு அதுதான் சர்டிபிகேட். மருதையின் மனைவி பவுனாம்பாள் பத்தொன்பது வருஷம் அப்படி ஏறினாள். சும்மா எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று, உரிப்பதற்குப் பூண்டு எடுத்துக்கொண்டு ஏறுவாள்.

ஒரு மாரியம்மன் திருவிழா. சிவப்புப் பை கிழிந்திருந்தது. உபரியை மருதை ஏழாவது கையின் சாக்கிலேயே போட்டுவிட்டார். எத்தனை போட்டோம் என்று எண்ணவில்லை. பூட்டி முடித்தபோது சாக்கில் ஒன்று மிஞ்சியது. உபரிதானே என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது சுற்றில், பவுனாம்பாள் உட்கார்ந்திருந்த ஏழாவது பெட்டி கழன்று விழுந்தது.

சோதிக்க வந்த அதிகாரி, போல்ட் இருந்த துளையே பிய்ந்துபோய்விட்டது, அதில் போல்ட் இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"இது உபரின்னா நான் எல்லாத்தையும் பூட்டியிருக்கேன். இது பழசுன்னா..."



"எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினொண்ணு."

டீச்சர் எழுந்து பட்டறையின் பின்பக்கம் போனார். மருதையும் போனார். சுவரோரம் ஒன்பது சாக்குகள். மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து எடைக்கு வாங்கிய போல்ட்டுகள்.

"இதை ரெண்டாப் பிரிங்கண்ணே."

*

மருதைக்கு அது புதிய வேலை இல்லை. சாயங்காலத்துக்குள் ஒரு சாக்கைப் பிரித்து முடித்தார். மூன்று நூல், நான்கு நூல், ஐந்து நூல், ஆறு நூல். ஒவ்வொன்றிலும் நீள வாரியாக வரிசை. பெயிண்ட் டப்பாக்களைக் கழுவித் துடைத்து, சாக்பீஸால் அளவும் எழுதி அடுக்கியிருந்தார். பார்க்க நன்றாக இருந்தது.

டீச்சர் வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் செய்தார். பிறகு ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் தரையில் கவிழ்த்தார். எல்லாம் மறுபடி ஒரே குவியல்.

"அளவு நான் கேக்கலை. பூட்டினது ஒரு பக்கம், பூட்டாதது ஒரு பக்கம்."

முப்பது வருஷ அனுபவம் உள்ளவருக்குச் சுருக்கென்றது. எதற்காக அப்படி என்று கேட்டார். பாரம் தாங்குகிற இடத்துக்குப் பூட்டாததை மட்டும்தான் கொடுப்பது தன் வழக்கம், ஏற்கெனவே ஒரு பாரத்தைத் தாங்கிவிட்டு வந்தது இரும்பு கேட்டுக்கும் பெயர்ப் போர்டுக்கும் போகும் என்றார் டீச்சர்.

"எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு டீச்சர்."

"பாருங்க."

அவ்வளவுதான் பாடம்.

மருதை பட்டறையிலேயே தங்கினார். தலைவாசலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, முன்னால் இரண்டு குவியல். முதல் வாரம் அவர் பிரித்ததில் பாதி தப்பு. டீச்சர் அந்தப் பக்கம் போகும்போது குனிந்து ஒன்றை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் மறு குவியலில் போடுவார். அதை மருதை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்ப்பார்.

பார்க்கப் பார்க்கத் தெரிந்தது.

முடுக்கிய போல்ட்டின் தலைக்கு அடியில் மெல்லிசாக ஒரு வளையம் இருக்கும். வாஷர் அழுத்திய தடம். திருகு மரையில் நட்டு நின்ற இடம் மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கும். தலையின் மூலைகளில் ஸ்பேனர் கடித்திருக்கும். இரண்டு தகடுகள் சேர்ந்த இடத்தில் துரு ஒரு கோடு போட்டிருக்கும். பூட்டாததில் இவை இருக்காது. அதன் தலைக்கடியில் உலையிலிருந்து வந்த கறுப்புத் தோல் அப்படியே இருக்கும். மரையின் விளிம்பு விரலை அறுக்கும்.

முப்பது வருஷம் கையில் புழங்கிய சாமான். இதையெல்லாம் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அளவு சரியா என்றுதான் பார்த்திருக்கிறார்.

வலது கைதான் பிரித்தது. இடது கை சட்டைப்பையில் இருந்தது. பவுனாம்பாள் போன மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது தொடங்கிய பழக்கம் அது. கட்டைவிரல் போல்ட்டின் தலையைத் தடவிக்கொண்டிருக்கும். மற்ற விரல்கள் நட்டை மேலே ஏற்றும், கீழே இறக்கும். பேசும்போதும் அது நடக்கும். தூக்கத்திலும் நடக்கிறது என்று ஒரு சத்திரத்தில் பக்கத்துப் பாயில் படுத்தவர் புகார் செய்திருக்கிறார்.

"ரெண்டு கையாலயும் பிரிச்சா சீக்கிரம் முடியும்ண்ணே" என்றார் டீச்சர் ஒருநாள்.

மருதை சிரித்து வைத்தார். கையை எடுக்கவில்லை.

ஏழாவது சாக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் அவர் தன் கையைக் கவனித்தார். போல்ட்டை எடுக்கிறது, ஒரு புரட்டுப் புரட்டுகிறது, போடுகிறது. யோசிப்பதே இல்லை. பூட்டினது. பூட்டினது. பூட்டாதது. டீச்சர் திருத்திப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சட்டைப்பையில் இருந்ததை உடனே எடுக்கவில்லை. தண்ணீர் குடித்தார். வாசலுக்குப் போய் வெயிலில் நின்றார். பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். தானே பார்க்கலாம் என்று பார்த்ததில்லை. பார்க்கத் தெரியாது என்பது ஒன்று. பார்க்கத் தைரியம் இல்லை என்பது இன்னொன்று.

நட்டைக் கழற்றினார். போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்தார்.

தலைக்கடியில் வளையம் இல்லை.

மறுபடி பார்த்தார். இல்லை. பூட்டாதது. உபரி.  கதவைப் பிடித்துக்கொண்டார். பவுனு, நான் எல்லாத்தையும் பூட்டியிருக்கேன். நான் ஒண்ணையும் விடலை.

பழக்கத்தில் கை போல்ட்டைப் புரட்டியது.

கறுப்புத் தோலும் இல்லை.

மரையைத் தடவினார். விளிம்பு அறுக்கவில்லை. நசுங்கின இடமும் இல்லை. தலையில் ஸ்பேனர் கடி இல்லை. கடிப்பதற்கு மூலையே இல்லை. ஆறு பக்கமும் உருண்டு, கோயில் படி மாதிரி வழவழவென்று இருந்தது. நட்டைப் போட்டுப் பார்த்தார். எதிலும் படாமல் தானாக வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கியது. பூட்டியது என்று சொல்லவும் ஒன்றுமில்லை. பூட்டாதது என்று சொல்லவும் ஒன்றுமில்லை.

தலையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. கட்டைவிரலை வைத்தார். சரியாகப் பொருந்தியது.

*

டீச்சர், பிரித்து வைத்த குவியல்களுக்குப் பக்கத்தில் ஒரு பம்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருதை வந்து முக்காலியில் அமர்ந்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லை டீச்சர்."

"ம்."

"மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"முன்னால இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

"அப்ப யாரு அழிச்சது?"

டீச்சர் அவருடைய இடது கையைப் பார்த்தார். அது அப்போதும் திருகிக்கொண்டிருந்தது.

மருதையும் பார்த்தார். கை நின்றது.

பிறகு பேசினார். சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்கு ட்யூப்லைட் நன்றாக எரிந்துகொண்டிருந்ததைச் சொன்னார். சட்டைப்பையில்தான் இருந்தது. வெளியில் எடுத்து ஒரு தடவை புரட்டியிருந்தால் போதும். வளையம் இருந்திருந்தால் இருக்கிறது. நான்தான் கொன்றேன் என்று இருந்திருக்கலாம். இல்லாவிட்டால் இல்லை, நிம்மதியாக அழுதிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அதை விட்டுவிட்டுப் பதினோரு வருஷமாக ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டே வழியெல்லாம் தேய்த்திருக்கிறேன் என்றார்.

டீச்சர் பம்ப்பின் ஒரு நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உபரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். உங்க வாயால சொன்னா நான் எடுத்துக்கறேன்."

டீச்சர் ஸ்பேனரை இன்னொரு திருகு திருகினார்.

"இல்லை, பூட்டாம விட்டுட்டேன்னாவது சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு. எதுவா இருந்தாலும் சரி. நான் கிளம்பிடறேன்."

டீச்சர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். வேஸ்ட் துணியில் விரல் விரலாகக் கையைத் துடைத்தார்.

"அந்தம்மா மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருந்தாங்க?"

"என்னது?"

"உங்க சம்சாரம். மூக்குத்தி எந்தப் பக்கம்?"

"வலது" என்றார் மருதை, கேட்ட கையோடு.

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். நாலு சுற்று. நட்டு கழன்று வந்தது. அதைத் தட்டில் போட்டார்.

"இடது" என்றார் மருதை.

டீச்சர் நிமிரவில்லை.

 பவுனு எதிரே வந்து நின்றால் இந்தப் பக்கம். அப்படியானால் அவளுக்கு அது அந்தப் பக்கம். சோறு போடக் குனியும்போது கல் எந்தப் பக்கம் மின்னியது? கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அப்போது தெரிந்ததா, மறைந்ததா? அவளை நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். சேலை வந்தது, வளையல் வந்தது. முகம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தன் மூக்கருகே கொண்டுபோய், இந்தப் பக்கத்தைத் தொட்டார், அந்தப் பக்கத்தைத் தொட்டார், மறுபடி இந்தப் பக்கத்தைத் தொட்டார்.

கையில் இருந்த போல்ட்டை அதற்கு முன் எந்தக் குவியலில் போட்டார் என்று அவருக்குத் தெரியாது.