பதினாறாம் நாள் தண்ணீர்

சடையாண்டிக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவைவிடப் பதினொரு வயது மூத்த சீடர். மடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. குருவே அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை சோர்ந்துபோய் வந்து குருவின் முன் உட்கார்ந்தார்.

"என்னால முடியல சாமி. வேற ஆளை அனுப்புங்க."

மலையடிவாரத்துக் கல்குவாரிக் குடியிருப்பு அவர் பிறந்த இடம். அங்கே எல்லாரும் அவரைப் போலவே அட்டக் கறுப்பு. "கருங்கல்லு மாதிரி ஆளுங்க, அவனுங்களுக்கு என்ன வலிக்கப் போகுது" என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லிச் சொல்லி அவர்களும் அதை நம்பிவிட்டார்கள், அதுதான் கொடுமை. அங்குள்ள ஆம்பளைகளைக் கூட்டிவைத்து, மனசில் இருப்பதைப் பேசவிடச் சொல்லி குரு அவரை அனுப்பியிருந்தார். எட்டு வெள்ளிக்கிழமை போய்வந்தாயிற்று.

"என்ன சொல்றாங்க?"

"'ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கோம்'ங்கிறாங்க. சுண்டலைத் தின்னுட்டுப் போயிடறாங்க."

"சுண்டல் நல்லா இருக்கா?"

சடையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

"பொன்னுரங்கத்தை நினைச்சாத்தான் பயமா இருக்கு சாமி. அவன் அப்பன் பாறை சரிஞ்சு செத்து இன்னியோட பதினாறு நாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. சோறு இல்லை, தூக்கம் இல்லை. சாயங்காலமானா பழைய கல்குழி விளிம்புல போய் உக்காந்துக்கிறான். கீழ நாப்பதடி தண்ணி. குதிச்சிடுவானோன்னு அவன் அம்மா பின்னாலயே திரியுது. அவனை எப்படிப் பேச வைக்கிறது?"

"இன்னிக்குத்தானே கருமாதி?"

"ஆமாம்."

குரு எழுந்தார். "வாங்க, போவோம்."

குளக்கரையில் குவாரி ஆட்கள் இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பொன்னுரங்கத்துக்குத் தலை மழித்து முடிந்திருந்தது. இருபத்து நாலு வயதுப் பிள்ளை, வெறித்த பார்வையோடு படியில் உட்கார்ந்திருந்தான். மழித்த தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றுவது அங்கே முறை. குரு குடத்தை வாங்கிக்கொண்டார்.

மூன்று குடமும் ஊற்றியாயிற்று. சடையாண்டி பரிவோடு துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைக்கப் போனார். குரு அவர் கையை விலக்கிவிட்டு நாலாவது குடத்தை ஊற்றினார்.

"சாமி, மூணுதான் முறை," என்றார் சடங்கு செய்தவர்.

"அப்படியா," என்று சொல்லிக்கொண்டே குரு அடுத்த குடத்தை மொண்டார்.

பத்தாவது குடத்தில் பொன்னுரங்கத்தின் தோள் குலுங்கியது. வாய் கோணியது. முகத்தில் வழிவதில் எது குளத்துத் தண்ணீர், எது அவனுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. "அப்பா" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

குரு நிறுத்தவில்லை. அவர் கை ஓய்ந்தபோது கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து குடத்தை வாங்கினார். பிறகு இன்னொருவர். ஊற்றி முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் குளத்தில் இறங்கி முங்கினார்கள். கண் சிவந்து வெளியே வந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை.

உச்சி வெயிலில், மரத்தடியில் அம்மாவின் மடியில் தலைவைத்துப் பொன்னுரங்கம் தூங்கிப்போனான்.

கூட்டம் கலைந்தது. படியில் குருவும் சீடரும் மட்டும் மிஞ்சினார்கள்.

"எட்டு வாரம் தொண்டை வத்தக் கேட்டேன் சாமி," என்றார் சடையாண்டி. "நீங்க ஒரு வார்த்தை கேக்கலை."

குரு குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினார்.

"உங்க அப்பாவும் இந்தக் குவாரியிலதானே போனாரு அண்ணே? அவர் கருமாதிக்கு நீங்கதானே உக்காந்தீங்க?"

"இல்ல சாமி. தம்பி உக்காந்தான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"ஸ்டேஷன்ல. எங்கயோ ஆடு காணாமப் போச்சு. ரோட்டுல போய்க்கிட்டிருந்தவனைப் பிடிச்சு நாலு நாள் வெச்சிருந்தாங்க. என் நிறத்தைப் பாத்தா திருடன் மாதிரி இருந்துச்சாம்." சடையாண்டி சிரிக்கப் பார்த்தார். "அதெல்லாம் ஆச்சு, முப்பத்தஞ்சு வருஷம். இப்ப ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு குரு நிமிர்ந்தார்.

"உக்காருங்க அண்ணே."