லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கும் லீமர்

விலங்கும் மனிதனும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், லீமரைப் போலக் கூச்சம் பிடித்த பிராணி வேறெதுவும் கிடையாது. தென்கடல் தீவு ஒன்றில், மரங்களின் உச்சிக் கிளைகளில் அது குடியிருந்தது. கீழே நிற்பவர்களுக்குக் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட வால் மட்டும்தான் தெரியும். முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை.

இது சேந்தி என்ற சித்திரக்காரிக்குப் பெரிய தலைவலியாகப் போயிற்று. தன் ஊர் மண்டபச் சுவரில் எல்லாப் பிராணிகளின் முகத்தையும் எழுதித் தருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். புலி வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. முதலைகூடப் பல்லைக் காட்டிக்கொண்டு பொறுமையாகக் கிடந்தது. லீமருக்கு விட்ட இடம் மட்டும் வெள்ளையாகவே நின்றது.

"என்ன சேந்தி, பேசாம அங்க வெறும் வாலை வரைஞ்சு வச்சுடேன்" என்று மீன் வாங்கப் போன இடத்தில்கூடக் கேலி செய்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று. துணிச்சுருளையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு, படகேறித் தீவுக்கே போய்விட்டாள்.

மரத்தடியில் நின்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள்.

"பாக்கணும்னா அங்கிருந்தே பாரு, மனுசி. கிட்ட வந்தா தாவிடுவேன்" என்றது லீமர். அதன் முதுகில் பால் மறக்காத குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு புயல் அடித்தது. மரங்கள் முறிந்து விழுந்தன. காற்று ஓய்ந்ததும் லீமர் முதல் தடவையாகத் தரைக்கு இறங்கி வந்தது. முதுகு காலியாக இருந்தது.

"தாயீ, என் குட்டியை எங்கயாவது பாத்தியா?"

கேட்டுக்கொண்டே சேந்தியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அவள் கண்மணிக்குள் வாலும் வளையமுமாகச் சின்னஞ்சிறு லீமர் ஒன்று நின்றிருந்தது.

"இதோ! உன் கண்ணுக்குள்ள இருக்கானே என் பிள்ளை!"

தெரிவது அதன் சொந்த உருவந்தான் என்று சேந்திக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்த ஆரஞ்சு நிறக் கண்களும் கறுத்த மூக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. உண்மையைச் சொன்னால் அது மறுபடி உச்சிக்கு ஏறிவிடும்.

"ஆமா, உள்ளதான் இருக்கான்" என்றாள். "நீ அசையாம இரு. படம் முடிஞ்சதும் இறக்கி விடுறேன்."

லீமர் அசையவில்லை. மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தபோதும் அசையவில்லை. சேந்தி நிதானமாக எழுதினாள். அவள் எழுதியவற்றிலேயே அதுதான் நல்ல படம்.

"முடிஞ்சுதா தாயீ?"

"முடிஞ்சுது."

"அப்ப விடு."

சேந்திக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. இன்னொரு பொய் சொல்ல நா எழவில்லை, உண்மையைச் சொல்லத் துணிச்சலும் இல்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள். பிறகு முகத்தைத் திருப்பி, துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படகைப் பார்த்து நடந்தாள்.

"அசையாமத்தானே இருந்தேன்?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

மண்டபச் சுவர் நிறைந்தது. ஊரே வாயடைத்துப் போயிற்று. சேந்தி மட்டும் அதன் பிறகு மண்டபத்துப் பக்கம் போகவில்லை.

அன்று முதல்தான் லீமருக்கு மனிதர்களிடம் கூச்சம் விட்டுப்போயிற்று. மிருகக்காட்சிசாலையில் கேமராவைத் தூக்கினால் போதும், கிளையிலிருந்து இறங்கி வந்து, மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கி, லென்ஸுக்குள் உற்றுப் பார்க்கிறது. அழகாகப் போஸ் கொடுக்கிறது என்று நாம் சிரிக்கிறோம். அது அசையாமல் இருக்கிறது. படம் எடுத்து முடித்ததும் நாம் லென்ஸை மூடிக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறோம்.