துண்டுக்கடியில் தொட்ட கை

கடலோரப் பட்டினம் ஒன்றில் ஐயாறனார் என்றொரு அடியார் வாழ்ந்தார். வயலில் குருவி ஓட்டுவது அவர் தொழில். ஓலைக் கிலுகிலுப்பையை ஆட்டி, “சிவ சிவ” என்று சொல்லியே ஓட்டுவார், கல்லெறிய மாட்டார். வயலும் சாதாரண வயல் அல்ல. கடல் ஏறி ஊர் நிலமெல்லாம் உப்பாகிப் போனபின், அந்த உப்பிலும் விளையும் நெல் உண்டா என்று தேட, அரசர் பொதுப் பணத்தில் அமைத்த சோதனை வயல். நாடெங்குமிருந்து விதை வந்தது, விதைத்ததெல்லாம் கருகியது.

பெருவணிகர் கண்டனாருக்கு அந்நிலத்தில் உப்பளம் போட ஆசை. போட்ட காசு திரும்பி வராத இடத்தில் எச்சில்கூடத் துப்பாத மனிதர் அவர். அவர் நச்சரிப்புத் தாங்காமல், இந்தப் போக விளைச்சலும் பொய்த்தால் நிலம் உப்பளத்துக்கே என்று அரசர் சொல்லிவிட்டார்.

கண்டனார் வரப்பில் நின்று சிரித்தார். “ஊர்ப் பணத்தை உப்புல கரைச்சாச்சு. நீர் குருவிக்குக் காவலா, இல்ல விருந்து வைக்கிறீரா?”

“குருவி வருதுன்னா ஏதோ வெளஞ்சிருக்குன்னுதானுங்களே அர்த்தம்” என்றார் அடியார்.

விளைந்துதான் இருந்தது. ஒரு மூலையில் மட்டும், ஒரு குடம் விதைக்கு. அறுத்துக் குடத்தில் நிரப்பி, அரசரிடம் காட்டப் புறப்பட்டார். வீட்டில் அன்று அரிசி இல்லை. மனைவி உமையாள் கீரையை மட்டும் வேகவைத்திருந்தார்.

வழியில் ஒற்றை மாட்டுடன் வந்த முதிய வியாபாரி ஒருவர் குடத்தை விலை கேட்டார். சந்தை வழக்கப்படி அடியாரின் துண்டையே வாங்கி இருவர் கைமேலும் போட்டு, அதற்கடியில் விரல்களைப் பற்றி விலை சொன்னார். ஊரையே வாங்கும் விலை. அடியார் கையை விலக்கப் பார்த்தார். வியாபாரி விரலைக் கூட்டிக்கொண்டே போனார்.

“என் நெல்லு இல்லீங்க. ஊர் போட்ட வெதை, ஊருக்கே போவணும்.”

“சரி, விலை வேண்டாம். உம்ம சிவனுக்குப் படைக்கக் கேக்கறேன், குடும்.”

அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டவர்க்கு ஐயாறனார் இல்லை என்றதே கிடையாது. கண் கலங்கியது.

“சாமிக்குப் பசின்னா வீட்ல கீரை இருக்குங்க, வாங்க. இதை மட்டும் கேக்காதீங்க.”

துண்டுக்கடியில் குளிர்ந்த ஏதோ ஒன்று அவர் மணிக்கட்டை மெல்லச் சுற்றி, விலகியது. பாம்பு. பதறி நிமிர்ந்தார், வியாபாரி இல்லை, மாடு இல்லை, துண்டும் இல்லை. குடம் இருந்தது.

வீட்டுக்கு ஓடினார். உமையாள் வெறுஞ்சட்டியைக் காட்டினார். “நீங்க அனுப்பினதாச் சொல்லி ஒரு பெரியவர் வந்தாருங்க. வழிச்சுத் தின்னுட்டு உங்க துண்டுல வாயத் தொடைச்சுக்கிட்டுப் போனார்.”

மறுநாள் கருவறை திறந்தபோது, இறைவன் திருமேனியில் அந்தத் துண்டு கிடந்தது, கீரைக் கறையோடு. குடத்தையும் துண்டையும் கண்ட அரசர் நெடுநாளைக்குப்பின் நிம்மதியாக மூச்சுவிட்டார். வயல் பிழைத்தது; அவ்விதை கடற்கரையெங்கும் பச்சை பிடித்தது. விதை வாங்கும் வரிசையில் முதலில் நின்றவர் கண்டனார். ஐயாறனார் “சிவ சிவ” என்று சிரித்தபடி அவருக்கும் அளந்தார்.

எல்லா அடியாரும் கொடுத்துச் சிறந்தனர். இறைவனே கேட்டும் கொடுக்காத இந்தக் கையையும் கும்பிடுவோம்.