சூரியன் வாசலில் நிற்கிறான்

முன்னொரு காலத்தில், இந்தக் காலத்தைப் போலவே புத்தகத்தைப் பிரிக்காமலே அதைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர்கள் மலிந்து கிடந்த ஒரு நாட்டை இரணசிங்கன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்கு அவ்வப்போது ஏதாவது ஒரு பித்துப் பிடிக்கும். ஒரு வருஷம் புறாப் பித்து, ஒரு வருஷம் வாசனைத் தைலப் பித்து. இந்தக் கதை நடந்த வருஷம் பிடித்தது கருத்துப் பித்து. காலையில் தின்ற பணியாரம் முதல் பட்டத்து யானையின் நடை வரைக்கும் சபையில் ஆளுக்கொரு கருத்துச் சொல்லவேண்டும். கருத்தில்லை என்று சொன்னவனை அரசன் ஏற இறங்கப் பார்ப்பான். ஆகையால் எல்லோருக்கும் எல்லாவற்றிலும் கருத்து இருந்தது.

அந்தச் சபையின் விகடன் மருதையன். சிரிக்கவைப்பது அவன் பிழைப்பு. கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். மருதையன் மிகவும் பணிவாகப் பேச ஆரம்பிப்பான். விஷயம் தெரிந்தவர்கள் அவன் பணிவைக் கண்டதும் ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

ஒருநாள் மகாராணி ஓர் ஓலைச்சுவடியைத் தன் கையாலேயே கட்டி முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து சபையில் வைத்தாள். ஆவுடையாள் என்ற மருத்துவச்சி சொன்ன மாயக் கதைகள் அவை. ஊரில் முக்கால்வாசிப் பேரை இந்த உலகத்துக்குள் இழுத்துப் போட்டது ஆவுடையாளின் கைதான். வலியில் துடிக்கிற பெண்களுக்கு அவள் கதை சொல்வாள். பாம்பு இளவரசனாகும், பூசணிக்காய் பேசும், சுண்டெலி யானைப் படையை ஓட ஓட விரட்டும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கதை நகரும். முடிவு வருவதற்குள் பிள்ளை வந்துவிடும். கதை பாதியில் நின்றுபோகும். தீட்டுக் கழிந்து வெளியே வந்த பெண் முதல் வேலையாக ஆவுடையாளைத் தெருவில் மறித்து, "அந்தப் பாம்பு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பாள். இப்படிக் கேட்டவர்களில் மகாராணியும் ஒருத்தி. அதனால்தான் எல்லாக் கதைகளையும் முடிவோடு தன் தோழியை விட்டு எழுதவைத்து, 'பாதியில் நின்ற கதைகள்' என்று பெயரும் வைத்தாள். ஆவுடையாளுக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தாள்.

வந்தது வினை. வருஷா வருஷம் ராணி கையால் முத்துமாலை வாங்கிக்கொண்டிருந்தவர் ஆஸ்தானப் புலவர் கவிமேகம் பொன்னம்பலவாணர். தினமும் காலையில் சபை கூடியதும் அரசனைப் புகழ்ந்து அவர் இயற்றிய மெய்க்கீர்த்தியை அவரே பாடுவார். அன்றைக்குப் பாடும்போது அவர் கண் அரசன் மேல் இல்லை. ஆவுடையாளின் கழுத்தில் இருந்தது.

"இந்த நூலைப் பற்றி உங்கள் கருத்து என்ன? எல்லோரும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றான் அரசன். சுவடி வீடு வீடாகப் போய் வந்தது. கருத்துகளும் வந்தன.

"மன்னா, சுண்டெலி யானைப் படையை விரட்டுவதாம்! நம் படையின் மானம் என்னாவது?" என்றார் தளபதி.

"பாம்பு மனிதனாவதற்கு எந்த வைத்திய நூலிலும் இடமில்லை, பிரபு" என்றார் அரண்மனை வைத்தியர்.

"கதாநாயகி வீட்டைவிட்டுக் கிளம்பிய நேரம் ராகுகாலமா இல்லையா என்று கூடக் குறிப்பில்லை. பொறுப்பில்லாத எழுத்து" என்றார் சோதிடர்.

கடைசியாகப் பொன்னம்பலவாணர் எழுந்தார். "யாப்பு இல்லை, அணி இல்லை, சொற்பொலிவு இல்லை. முதல் ஓலை முதல் கடைசி ஓலை வரை பொய், பொய், பொய்! பேறுகால அறையில் உளறியதையெல்லாம் நூல் என்று சபையில் வைத்தால், நாளை சமையற்கட்டில் முணுமுணுப்பதும் காப்பியமாகிவிடும். பொய்யைப் பரப்புகிறவளுக்கு முத்துமாலை பரிசானால், மெய்க்கீர்த்தி பாடும் அடியேன் எங்கே போவேன், மன்னா?"

முதல் ஓலை முதல் கடைசி ஓலை வரையாம்! மருதையன் சுவடியைப் பார்த்தான். ராணி போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. முடிச்சுக்கு மேலே தெரிந்த நாலு வரியை நுனிப்புல் மேய்ந்துவிட்டு இத்தனை பேரும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குக் காது மடல் சுட்டது.

ஆனால் அரசனுக்கு அத்தனை பேர் ஒரே குரலில் சொன்னது உறைத்துவிட்டது. ராணி எழுந்து ஏதோ சொல்லவர, அவன் கையமர்த்தினான்.

"பொய்யை எழுத்தில் வைப்பது குற்றம். என் நாட்டில் எழுதப்பட்ட சொல் எதுவானாலும் நடந்து காட்டவேண்டும். நாளை உச்சிப்பொழுதுக்குள் நடந்து காட்டாவிட்டால், எழுத்து தீக்குப் போகும். சொன்னவர் எல்லை தாண்டவேண்டும். இது என் ஆணை."

மருதையன் எழுந்து, இடுப்பு ஒடியும்படி வணங்கினான். தெரிந்தவர்கள் இரண்டு பேர் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மகாராஜா, அடியேன் மந்தபுத்திக்காரன். தெளிவாகக் கேட்டுக்கொள்கிறேன். எழுதப்பட்ட சொல் எதுவானாலுமா?"

"எதுவானாலும்."

"சொன்னவர் யாரானாலுமா?"

"யாரானாலும்! என் வாளின் மேல் ஆணை."

"நடத்திக் காட்டும் பொறுப்பை அடியேனுக்கு அருளவேண்டும்."

"எடுத்துக்கொள்" என்றான் அரசன். பொன்னம்பலவாணர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அரண்மனை வாசலில் ஆவுடையாள் முத்துமாலையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதத் திருப்பிக் குடுத்துரு மருதையா. எனக்கு எதுக்கு? என்னய எல்லை தாண்டச் சொல்றாங்க, சரி, தாண்டுறேன். கம்மாளத் தெருவுல ஒருத்திக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. தலைச்சன். பயந்த புள்ள. அவளுக்கு யாரு இருக்கா?"

"பொய் சொல்கிறாய் என்கிறார்கள், ஆத்தா."

ஆவுடையாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "வலி எடுக்கிற நேரத்துல நெசத்தையா சொல்லச் சொல்றாங்க? 'உங்க அத்தை போன மாசம் இப்பிடித்தான் கெடந்து செத்தா'ன்னு சொல்லவா? இந்த மீச வச்ச ஆளுக ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, அந்தக் கதவுக்குள்ள இருந்து பாக்கட்டும். அப்புறம் வந்து எனக்குக் கருத்துச் சொல்லட்டும்."

மருதையன் கதவுக்குள் இருந்ததில்லை. வெளியே நின்றிருக்கிறான். அவன் மகள் பிறந்தபோது உள்ளே மனைவி அலறிக்கொண்டிருந்தாள். நடுநடுவே ஆவுடையாளின் குரல் மட்டும் நிதானமாக, பாம்பு தன் சட்டையை உரித்து ஆணியில் மாட்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தது. 'மாட்டிட்டு அது என்ன பண்ணுச்சு தெரியுமா?' என்றது குரல். 'என்ன பண்ணுச்சு?' என்று அலறலுக்கு நடுவில் மனைவி கேட்டாள். கேட்டாள் என்றால் உயிரோடு இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்தப் பாம்பு என்ன பண்ணியது என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

"மாலையைப் போட்டுக்கொள், ஆத்தா. நாளைக்குச் சபைக்குப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும்" என்றான்.

மறுநாள் கீழ்வானம் வெளுக்கிற நேரத்தில் மருதையன் அரசனின் படுக்கையறைக் கதவை இடித்தான்.

"மகாராஜா! மகாராஜா! சூரியன் வாசலில் நிற்கிறான்!"

அரசன் தலைப்பாகை இல்லாமல், ஒரு பக்கத்து மீசை படுக்கையில் நசுங்கிப்போய்க் கிடக்க, கதவைத் திறந்தான். "எதிரியா? எந்த நாட்டுச் சூரியன்?"

"ஆகாயத்துச் சூரியன்தான், பிரபு. 'ஆதவனும் வாசல்நின்று ஆணைகேட்டே எழுவான்' என்று மெய்க்கீர்த்தியில் எழுதியிருக்கிறது. எழுதப்பட்ட சொல் நடந்தாகவேண்டுமே! பாவம், மலைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கிறான். கறவைக்காரர்கள், உழவர்கள் எல்லாம் வேலையைத் தொடங்கவேண்டும். சீக்கிரம் உத்தரவு கொடுங்கள்."

"எழட்டும், போ!" என்று கத்திவிட்டு அரசன் கதவைச் சாத்தினான். சூரியன் எழுந்தான். மருதையன் நேரே போய்ச் சமையற்கட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டான்.

காலை ஆகாரம் வரவில்லை. கேட்டு அனுப்பியதற்குப் பதில் வந்தது: 'பசியென்னும் பகைவனைப் பாலகனாய் வென்றவன்' என்று மெய்க்கீர்த்தியில் இருப்பதால், வென்ற பகைவனுக்கு மறுபடி விருந்து வைப்பது முறையல்ல. அரசன் காலி வயிற்றோடு சபைக்கு வந்தான். வந்தவன் சிம்மாசனத்தை நெருங்க முடியவில்லை. நடுவில் பட்டத்து யானை நின்றுகொண்டிருந்தது.

"இது என்ன கூத்து?"

"மூன்றாவது அடி, மகாராஜா" என்று மருதையன் தரையில் நெற்றி படும்படி வணங்கினான். "'மதகரியை ஒருவிரலால் மலர்போலத் தூக்குவான்.' எந்த விரல் என்று எழுதவில்லை. தங்கள் வசதிப்படி தூக்கலாம்."

யானை பொன்னம்பலவாணரின் தலைப்பாகையை உருவி எடுத்து முகர்ந்து பார்த்தது. அரசனின் முகம் சிவந்தது. "என்னைக் கேலிப்பொருளாக்குகிறாயா? தலை தங்காது, மருதையா!"

"கேலியா? அடியேன் ஆணையை நிறைவேற்றுகிறேன். எழுதிய சொல் எதுவானாலும் என்றீர்கள். யாரானாலும் என்றீர்கள். வாளின் மேல் சொன்னீர்கள். உச்சிப்பொழுதுக்குள் தாங்கள் இந்த யானையைத் தூக்கவேண்டும். இல்லாவிட்டால் மெய்க்கீர்த்தி தீக்குப் போகும். பாடியவர் எல்லை தாண்டவேண்டும்."

பொன்னம்பலவாணர் துள்ளி எழுந்தார். "மன்னா! அது பொய்யன்று! உயர்வு நவிற்சி அணி! இலக்கணம் அனுமதித்தது! கேட்பவர் மனத்தில் ஊக்கம் பிறக்கவேண்டும் என்பதற்காக, இல்லாததை இருப்பதுபோல்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. மருதையன் நிமிர்ந்தான். இப்போது அவனிடம் பணிவு இல்லை.

"நீர் சொன்னால் அணி, அவள் சொன்னால் பொய்யா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா? மன்னா, புலவர் சொன்ன பொய்யால் அவருக்கு முத்துமாலைகள் வந்தன. இவள் சொன்ன பொய்யால் இந்தச் சபையில் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள்! பெண்டாட்டி அலறும்போது காதைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றவர்கள்தானே நாமெல்லாம்? உள்ளே அவளைப் பிடித்து நிறுத்தியது எது? நம் கருத்தா? படிக்காமல் பழித்தார்களே இவர்கள், ஒருவராவது அந்த முடிச்சை அவிழ்த்தாரா என்று கேளுங்கள்!"

எல்லோரும் சுவடியைப் பார்த்தார்கள். முடிச்சு அப்படியே இருந்தது. ராணி தான் போட்ட முடிச்சை அடையாளம் கண்டு, அரசனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அரசன் பிழைத்திருப்பான்.

அந்த நேரத்தில் ஆவுடையாள் தளபதியைப் பார்த்து வெள்ளந்தியாகச் சொன்னாள்: "எலிக் கதையக் கோவிச்சுக்கிட்டீங்களாமே, ஐயா. நீங்க பொறந்ததே அந்த எலிக் கதையிலதான். எலி தும்பிக்கைக்குள்ள பூந்துச்சுன்னேன், உங்கம்மா வலியோட சிரிச்சாங்க, நீங்க வந்துட்டீங்க."

தளபதி தன் வாள் உறையை ஆராய ஆரம்பித்தார்.

அரசன் யானையைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றான். அவன் குரலில் அதிகாரம் குறைந்திருந்தது. "நான்?"

"நீங்களா, சாமி? உங்கம்மாவுக்கு ரொம்பக் கஷ்டம். பொழுதுபோயி ஆரம்பிச்சது விடியிற வரைக்கும் ஆகல. போதும், என்னய விட்டுருன்னாங்க. அப்பத்தான் இந்தக் கதையச் சொன்னேன். ஒரு பொண்ணு இருட்டுக் குகையில மாட்டிக்கிட்டா. 'ஆத்தா, சூரியன் உன் வாசல்ல வந்து நிக்கிறான், உள்ள வரலாமான்னு உத்தரவு கேக்கிறான், என்ன சொல்லட்டும்?'னு கேட்டேன். உங்கம்மா பல்லக் கடிச்சுக்கிட்டு, 'வரச் சொல்லு'ன்னாங்க. நீங்க வந்தீங்க."

இது மருதையனுக்கே தெரியாத சங்கதி.

"அதுக்கப்புறம் உங்கள மடியில வச்சுக்கிட்டு, 'எங்கிட்ட உத்தரவு கேட்டு வந்த சூரியன்'னு அரண்மனை பூரா சொல்லிக்கிட்டே திரிவாங்க பெரிய ராணியம்மா" என்றாள் ஆவுடையாள்.

அரசன் மெதுவாகத் திரும்பினான். "புலவரே, அந்த முதல் அடியை எங்கிருந்து எடுத்தீர்?"

"அது… அரண்மனையில் வழங்கிய… பழைய வழக்கு, மன்னா" என்றார் பொன்னம்பலவாணர். தலைப்பாகை யானையிடம் இருந்ததால் வியர்வையைத் துடைக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

அரசன் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் கண்தான் கலங்கியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு யானையின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். "நான் இன்றைக்குக் கொடுத்த உத்தரவை என் தாய் அன்றைக்கே கொடுத்துவிட்டாளா! சரி, உம்… அப்புறம்? அந்தக் குகைப் பெண் என்ன ஆனாள்?"

"அதுக்குள்ளதான் நீங்க பொறந்துட்டீங்களே, சாமி. மிச்சம் அந்தச் சுவடியில இருக்கு. அவுத்துப் பாருங்க."

நாட்டின் அரசன் அத்தனை பேர் முன்னிலையில் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தான். அவிழ்த்தவன் அன்று சபையை மறந்துவிட்டான். ஆணையை ரத்து செய்ததும், மருதையனுக்குத் தன் கைக்காப்பைக் கழற்றி எறிந்ததும், ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே நடந்தன. "எனக்கும் ஒரு பாம்புக் கதை பாக்கியிருக்கிறது, மகாராஜா. படித்து முடித்ததும் சுவடியைத் தாருங்கள்" என்று மட்டும் மருதையன் கேட்டுக்கொண்டான்.

புலவருக்கு ஒரு தண்டனை உண்டு. ஆவுடையாள் இனிமேல் சொல்லப்போகும் கதைகளை அவள் வாயால் கேட்டு அவர்தான் எழுதவேண்டும். அணி ஒன்றும் சேர்க்கக்கூடாது.

முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பேசுகிற பூசணிக்காய் ஆற்றில் மிதந்து போனது. நடு ஆற்றில் முதலை வாயைத் திறந்தது. அப்போது கம்மாளத் தெருவிலிருந்து ஆள் ஓடிவந்தது. ஆவுடையாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்றைக்குக் கம்மாளத் தெருவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கவிமேகம் பொன்னம்பலவாணர் தலையில் துணியில்லாமல், ஒரு கையில் ஓலையும் ஒரு கையில் எழுத்தாணியுமாக, சாத்திய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே கேட்ட அலறலுக்கெல்லாம் நடுங்கிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தார்:

"அம்மா, ஆவுடையம்மா! முதலை வாயைத் திறந்ததே, அப்புறம்?"

"கத்தாதீங்க, ஐயா! புள்ள பொறக்கட்டும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அந்த நூலைப் பற்றிப் புலவர் அதற்குப் பிறகு வேறு கருத்து எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.