ஏன் என்று கேட்காத மூன்று நாடுகள்

ராஜாக்கள் எல்லாம் ஒருத்தர் நாட்டை ஒருத்தர் பிடித்துப் பிடித்து அலுத்துப்போன காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒன்பது நாடுகள் சேர்ந்து, "இனிமேல் சண்டை வேண்டாம், ஒரே சபையில் பேசித் தீர்ப்போம்" என்று முடிவு செய்தன. நல்ல முடிவு. ஆனால் சபை என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? பெரிய நாட்டுக்காரர் இருமினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சின்ன நாட்டுக்காரர் கத்தினாலும் எவரும் பார்க்க மாட்டார்கள்.

தேன்கரடு நாட்டுத் தூதர் வஞ்சிக்கொடி கத்திக் கத்திப் பார்த்தாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். பக்கத்து மலைநாடுகளான வெண்பாறையின் கொற்றனுக்கும் மூங்கிலூரின் பூதனுக்கும் அதே கதைதான்.

அந்தச் சபையில் ஒரு சட்டம் இருந்தது. மூன்று நாடுகள் எழுந்து போய்விட்டால் சபை கலைந்துவிடும். அன்றைக்கு எதுவும் முடிவாகாது. மூவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஜமுக்காளத்தில் உட்காருவது, ஒருவர் எழுந்தால் மூவரும் எழுவது, ஏன் என்று கேட்கவே கூடாது. தேனைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள்.

கப்பல் கட்ட மலைக்காட்டை வெட்டுவோம் என்று சமவெளி நாடுகள் கிளம்பின. பூதன் எழுந்தான். மூவரும் எழுந்தார்கள். காடு பிழைத்தது. அன்றுதான் சபை முதல்முறையாக அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவார்களா?

உட்காரும் இடத்தில் வெயில் அடிக்கிறது என்று பூதன் எழுந்தான். மூவரும் எழுந்தார்கள். வாசல் காவலன் கும்பிடவில்லை என்று கொற்றன் எழுந்தான். மூவரும் எழுந்தார்கள். பாயசத்தில் இனிப்புப் போதவில்லை என்று வஞ்சிக்கொடி எழுந்தாள். மூவரும் எழுந்தார்கள். ஆமாம், பாயசத்துக்காக ஒரு சபை கலைந்தது!

அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது. தேன்கரட்டின் பெரிய ஏரிக்கரையில் விரிசல் விட்டது. கரைக்குக் கீழே ஊர் ஊராக மக்கள். எல்லா நாட்டு ஆட்களும் வந்து மண் கொட்டினால்தான் கரை நிற்கும். சபை சொன்னால்தான் ஆட்கள் வருவார்கள். அதுவும் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

வஞ்சிக்கொடி சேறு காயாத காலோடு சபைக்கு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். சமவெளியிலேயே பெரிய நாட்டின் தூதர் ஆதிரையன் சிரித்தபடி, "அனுப்பிடலாம், அனுப்பிடலாம். மலைநாடெல்லாம் நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைங்க மாதிரி. நாம பார்க்காம யாரு பார்ப்பா?" என்றார்.

கொற்றன் விருட்டென்று எழுந்தான். "யாருய்யா சின்னப் பிள்ளை?"

பூதனும் எழுந்தான். வஞ்சிக்கொடிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"உக்காருங்கண்ணே," என்று பல்லைக் கடித்தாள். "ஊரே முழுகப்போகுது."

"சத்தியம் இருக்கு தங்கச்சி. எழுந்திரு," என்றான் கொற்றன்.

"எதுக்கு?"

"எதுக்கா? உன் பாயசத்துக்கு நான் எழுந்தேனே, எதுக்குன்னு கேட்டேனா?"

சபையில் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். வஞ்சிக்கொடிக்கு முகம் சிவந்தது.

"கேட்டிருக்கணும்ண்ணே. அன்னைக்கே என் மண்டையில ஒரு குட்டு வெச்சு உக்கார வெச்சிருக்கணும். நான் எழ மாட்டேன். சத்தியத்தை மீறின பாவம் என்னோட போகட்டும்."

பூதன் அவளைப் பார்த்தான், கொற்றனைப் பார்த்தான், ஜமுக்காளத்தைப் பார்த்தான். "எனக்கும் கால் வலிக்குதுப்பா," என்று முனகிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். கொற்றன் தனியாக வெளியே போனான். சபை கலையவில்லை. ஆட்களை அனுப்பும் உத்தரவு அப்போதே கிளம்பியது.

ஒன்பது நாட்டு ஆட்களும் கரையில் மண் சுமந்தார்கள். வெண்பாறைக்காரர்களும் வந்தார்கள், கொற்றனும் வந்தான். ஆனால் வஞ்சிக்கொடியோடு பேசவில்லை. கூடையை மாற்றிக் கொடுக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விரிசல் அடைபட்டு, கரை நின்றது. கொற்றன் கையைத் துடைத்தபடி வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"அந்த ஆளு சின்னப் பிள்ளைன்னு சொன்னது தப்புதானே?"

"தப்புதான்ண்ணே. நாளைக்கு மூணு பேரும் சேர்ந்தே கேப்போம். கேட்டுட்டு உக்காந்துடுவோம்."

இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்: சின்னவர்கள் சேர்ந்து நிற்பது பலம்தான், ஆனால் ஏன் நிற்கிறோம் என்று கேட்கவிடாத கூட்டு, கூட நிற்பவரையே முதலில் கவிழ்த்துவிடும்.