காலி என்று சொன்ன கார்டு

உடன்குடி கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் ஜெரினா. அவளிடம் தொழில் படிக்க வந்த பொன்னுதுரையோ அவளைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். மினிபஸ் ஓட்டி ஓட்டி இடுப்பு விட்டுப்போனதும், கூச்சப்படாமல் சிஷ்யனாக வந்து சேர்ந்துவிட்டார். அவளுக்கு அவர் அண்ணாச்சி. அவருக்கு அவள் டீச்சரம்மா.

அன்றைக்கு மத்தியானம் கபடி பனியனோடு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பெயர் இசக்கி, பிளஸ் ஒன் படிக்கிறாள். மேஜைமேல் ஒரு மெமரி கார்டை வைத்தாள்.

“அக்கா, ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்காவ. நான் ஆடுன வீடியோவை அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். கேமரா என்னமோ கேட்டிருக்கு, எங்க பி.டி. சார் என்ன ஏதுன்னு பாக்காம ஓகே குடுத்துட்டாரு. எல்லாம் போச்சு!”

பொன்னுதுரை கார்டைச் செருகிப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

“காலி, டீச்சரம்மா. இல்லாததை எங்கேருந்து எடுக்க?”

ஜெரினா எழுந்தாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. அடுக்களைக்குள் போய் ஒரு டப்பாவும் ஒரு பை அரிசி மாவும் கொண்டுவந்தாள். டப்பாவில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை நகத்தால் கிழித்துப் போட்டாள்.

“இதுல மாவைக் கொட்டுங்க அண்ணாச்சி.”

அவர் டப்பாவைத் தூக்கினார். கனத்தது.

“உள்ள என்னமோ இருக்கே?”

“பேரே இல்லையே. காலியாத்தானே இருக்கும்?”

“பேரை இப்பத்தானே நீங்க கிழிச்சீங்க!” மூடியைத் திறந்து மோந்தார். நாலைந்து தும்மல் வரிசையாக வந்தது. “மிளகாத்தூள்!”

இசக்கிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. ஜெரினா, அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றைத் திறந்தாள்.

“சார் ஓகே குடுத்ததுல சீட்டுதான் கிழிஞ்சிருக்கு. சீட்டு இல்லாட்டி கம்ப்யூட்டர் காலின்னு சொல்லிடும். இந்த சாஃப்ட்வேர் சீட்டைப் பாக்காது. மூடி மூடியாத் திறந்து மோந்து பாக்கும். வீடியோன்னா எப்படி ஆரம்பிக்கும்னு அதுக்குத் தெரியும்.”

சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்தது. மூன்று பேரும் திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். முதலில் மைதானத்தில் மேய்ந்த ஆடு ஒன்று வந்தது. அப்புறம் பி.டி. சாரின் மூக்கு மட்டும்.

“தள்ளுங்கக்கா, தள்ளுங்க... அதான்! அதான்!”

திரையில் இசக்கி பாடிக்கொண்டே எதிராளி கட்டத்துக்குள் நுழைந்தாள். ஒருத்தியைத் தொட்டாள். மூன்று பேர் காலைப் பிடித்துத் தொங்க, அவர்களையும் இழுத்துக்கொண்டு கோட்டில் வந்து விழுந்தாள்.

பொன்னுதுரை விசிலே அடித்துவிட்டார். “எங்கே சேமிக்க?” என்று கேட்டது சாஃப்ட்வேர். பஸ்ஸுக்கு நேரமான வேகத்தில் அவர் கை மவுஸுக்குப் போனது. ஜெரினா பாய்ந்து பிடித்தாள்.

“எதுல வைக்கீங்க அண்ணாச்சி?”

“இந்தக் கார்டுலதான். இருந்த இடத்துலயே வச்சிருவோம்.”

“மிச்ச மூடியெல்லாம் இன்னும் திறக்கவே இல்ல. மிளகாத்தூள் மேல மாவைக் கொட்டப் பாத்தீங்களே!”

தோசைக்கல்லைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

வீடியோ கம்ப்யூட்டரில் இறங்கியது. உடனே அனுப்பினார்கள். ‘கிடைத்தது’ என்று பதில் வந்தபோது அஞ்சு மணி ஆகவில்லை. இசக்கி குதித்த குதியில் மேஜை ஆடியது.

பொன்னுதுரைக்கும் கால் தரையில் இல்லை. “டீச்சரம்மா, அந்த சாஃப்ட்வேரை என் கம்ப்யூட்டர்லயும் போட்டுத் தாங்க. இனி நானே எடுத்துருவேன்!”

ஜெரினா இசக்கி பக்கம் திரும்பினாள். “அழிஞ்ச பெறகு இந்தக் கார்டுல வேற எதுவுமே எடுக்கலியேம்மா, ஏன்?”

“சார் கேட்டாருக்கா. பரிசு குடுக்கதை எடுக்கணும்னாரு. நான் கார்டை உருவிப் பொத்திக்கிட்டேன். ‘காலிக் கார்டுக்கு இம்புட்டுப் பிடிவாதமா, ஏட்டி’ன்னு எல்லார் முன்னாலயும் ஏசினாரு. நான் குடுக்கல.”

ஜெரினா சிஷ்யனைப் பார்த்தாள்.

“முதல்ல இவகிட்ட இதைப் படிங்க அண்ணாச்சி. சாஃப்ட்வேரை நாளைக்குப் போட்டுத் தாரேன்.”